பட்டவனும் படிக்க வேண்டுமா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் வீடுகளில் நாள்தோறும் புழங்குகிற பழமொழி. அதை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. அனுபவம் என்ற சொல்லுக்கே நாம் பட்டறிவு என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்? பட்டு அறிவது பட்டறிவு. படித்து அறிவது படிப்பறிவு. இரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்தால், நம்மில் பெரும்பாலோர் பட்டறிவு இருக்கும் தட்டே தாழும் என்று தயங்காமல் சொல்லிவிடுவோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இன்னொரு பழமொழியும் அதற்குத் துணையாகக் கிடைக்கும்.

ஆனால் பழமொழிகளுக்கு ஒரு குணம் உண்டு. பாதி உண்மையை அழகாகச் சொல்லிவிட்டு, மீதிப் பாதியைக் கேட்பவனுடைய பொறுப்பில் விட்டுவிடும். தலைவலி தனக்கு வந்தால் தெரியும், சரி. என்ன தெரியும்? தன் தலைவலி தெரியும். அடுத்த வீட்டுக்காரரின் தலைவலியும் அதனாலேயே தெரிந்துவிடுமா? பழமொழி இங்கே மௌனமாகிவிடுகிறது.

பொழுது போகாமல் நான் இந்தக் கேள்வியைக் கிளப்பவில்லை. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் சில வாரங்களாக என் மேஜை மேல் கிடக்கிறது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இந்தக் கேள்விதான் குறுக்கே வந்து நின்றது.

ஓசூரை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சென்னையிலிருந்து வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் கடைசி ஊர் அது. 2004-ஆம் ஆண்டு தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதோடு சேர்ந்து வந்தது. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. எண்பதுகளில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் பெரிய ஆலைகள் வந்தன. அந்தப் பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன உதிரிப் பாகங்களைச் செய்து கொடுக்க, அவற்றைச் சுற்றி எத்தனையோ பட்டறைகள் முளைத்தன. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கடைப் பலகைகள் கன்னடத்துக்கு மாறிவிடும். ஊருக்குள்ளேயோ தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் கேட்கும். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளின் பேச்சும் அவற்றோடு சேர்ந்திருக்கிறது.

கடிதம் எழுதியவர் அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டியவர். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து டை இறங்கி அடித்து வெட்டும். ஓர் இரவு ஷிப்டில் டை இறங்கியபோது அவருடைய கை உள்ளே இருந்துவிட்டது. வலது கையில் கட்டை விரலைத் தவிர மற்ற நான்கும் போயின. முப்பது வயதை நெருங்குகிறவர். மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். கடிதத்தை இடது கையால் எழுதியிருந்தார். எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பையனுடையவை போல இருந்தன. விஷயம் அப்படி இல்லை.

1923-ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தோடு ஓர் அட்டவணை உண்டு. பின்னால் திருத்தப்பட்ட அந்த அட்டவணையில், கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் நஷ்டம், ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 என்று போட்டிருந்தார்கள். சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஏதாவது ஒரு கணக்கு வைத்துத்தான் ஆகவேண்டும். கணக்கே இல்லாதிருந்த காலத்தில் தொழிலாளிக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆனால் மகளுக்குப் பின்னல் போட்டுவிட முடியாத தகப்பனுக்கும், தவில் வாசிக்கிறவனுக்கும், நிச்சயம் செய்த கல்யாணம் நின்று போனவனுக்கும் அந்த 50 ஒரே 50தானா? இதை எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது.

நம் நண்பர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் இதே போலக் கையை இழந்த ஒரு முதியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். அதிகம் பேசவில்லையாம். ஆனால் அவர் வந்து போன பிறகுதான் இரவில் தூக்கம் வந்ததாம். அந்த நன்றியில் இவரும் விபத்துக்கு ஆளானவர்களைத் தேடிப் போய்ப் பேசத் தொடங்கினார். இப்போது அதையே வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசை. அதற்கு மனோதத்துவமும் கவுன்சலிங்கும் படிக்க வேண்டும். முதலாண்டோடு நின்றுபோன பட்டப்படிப்பைத் திரும்பத் தொடங்கி, பிறகு மேற்படிப்பையும் முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆகும். கையில் இருப்பதோ நஷ்டஈடாக வந்த பணம். அதைப் போட்டு மளிகைக் கடை வைக்கச் சொல்கிறார் அவருடைய மாமா.

மாமா கேட்டது இது: "பட்டவன் நீ. உனக்குத் தெரியாததையா எவனோ ஒரு வாத்தியார் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறான்? ஆறுதல் சொல்ல ஆசையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டு வா. அதற்கு எதற்கப்பா ஐந்து வருஷமும் இந்தப் பணமும்?"

நண்பர் என்னிடம் கேட்டது வேறு: "ஐயா, ஆறுதல் சொல்லிச் சம்பளம் வாங்கினால், போன விரல்களை விற்றுப் பிழைக்கிறவன் ஆகிவிட மாட்டேனா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். மாமாவின் கேள்வியை முதலில் பார்ப்போம்.

துன்பப்பட்டவனைப் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. துன்பம் அறியாதவர் ஒரு வகை. "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி எழுந்து போவார். அவரால் பெரிய நன்மை இல்லை; பெரிய கெடுதலும் இல்லை. இன்னொரு வகை, அதே துன்பத்தைத் தானும் பட்டவர். கதவைத் தட்டாமலே உள்ளே போகிற உரிமை அவருக்கு உண்டு. படுத்திருப்பவன் அவருடைய கையைப் பார்க்கிறான், உடனே நம்புகிறான். பத்துப் பட்டங்கள் வாங்கினாலும் கிடைக்காத நம்பிக்கை அது. மாமா சொல்வதில் இவ்வளவும் உண்மை.

அந்த நம்பிக்கையிலேதான் ஆபத்தும் இருக்கிறது. "எனக்கு இதைவிட மோசமாக இருந்தது, தெரியுமா?" என்று அவர் ஆரம்பிக்கிறார். அரை மணி நேரம் தம் கதை நடக்கிறது. எந்த வார்டு, எந்த டாக்டர், எத்தனை தையல், எத்தனை மாதத்தில் எழுந்து நின்றார் என்பதெல்லாம் வருகிறது. "நானே மூன்று மாதத்தில் சைக்கிள் ஓட்டினேன், உனக்கென்ன?" என்று முடிக்கிறார். படுத்திருப்பவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். துன்பம் அறியாதவரிடமாவது, "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று மனசுக்குள் கோபித்துக்கொள்ள அவனுக்கு வழி இருந்தது. இவரிடம் அதுவும் இல்லை. இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! அவன் மூன்று மாதத்தில் எழுந்திருக்காவிட்டால் குற்றம் இனி அவனுடையது.

காயம் ஒன்றாக இருக்கலாம், இழப்பு ஒன்றல்ல. விரல் போனதை அட்டவணை சதவீதத்தால் அளந்தது. பட்டவர் தம் விரலால் அளக்கிறார். எதிரே இருப்பவனை அவனுடைய அளவுகோலால் அளக்க இரண்டாலும் முடியவில்லை.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த விஷயத்தின் ஆணிவேரைத் தொட்டிருக்கிறார். தன்னிடம் வருகிறவனின் உலகத்தைத் தன்னுடைய உலகம் போலவே உணர வேண்டும். ஆனால் அந்தப் "போல" என்பதை ஒருபோதும் இழந்துவிடக் கூடாது என்பது அவர் கருத்தின் சாரம். "போல" என்பது நம் இலக்கணத்தில் ஒரு சின்ன உவம உருபு. முகம் நிலவு போல இருக்கிறது என்றால், முகம் நிலவு இல்லை என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. துன்பம் அறியாதவனுக்கு அந்தப் "போல" எட்டாத தூரத்தில் இருக்கிறது. பட்டவனுக்கோ அது கால் இடறித் தவறிப் போகிறது. "உன் துக்கம் என்னுடையது போல இருக்கிறது" என்பதற்குப் பதில், "உன் துக்கம் என்னுடையதேதான்" என்று சொல்லிவிடுகிறான். அந்த நிமிஷமே எதிரே இருப்பவன் மறைந்து போகிறான்.

கதை எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. கல்லூரிப் படிப்பை முழுக்க முடிக்காதவன் நான். படிப்பின் பெருமை பேச எனக்கு அருகதை குறைவு. ஆனால் என் தொழிலில் கண்டதைச் சொல்லலாம். சொந்தச் சோகத்தை எழுதிக்கொண்டு பல இளைஞர்கள் வருகிறார்கள். அத்தனையும் சத்தியம், எழுதும்போது அழுதுகொண்டே எழுதியிருக்கிறார்கள். படிக்கிற நமக்குக் கண் கலங்குவதில்லை. எழுதியவன் தன்னைவிட்டு ஓர் அடி விலகி நின்று, பாத்திரத்தைப் பேசவிட்டால்தான் சோகம் படிப்பவனிடம் வந்து சேரும். அந்த ஓர் அடி விலகுவதற்கு எழுத்தாளனுக்குப் பல ஆண்டு பயிற்சி தேவைப்படுகிறது. காகிதத்தோடு பழகுகிறவனுக்கே இப்படியென்றால், உயிருள்ள மனிதனோடு பழகப் போகிறவனுக்கு?

கிருஷ்ணகிரியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் வேலூர் வருகிறது. அங்கே கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸின் வரலாற்றை மாமாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. கேரளத்துச் செராயியில் பிறந்தவர். இளம் டாக்டராக இருந்தபோது, 1954-ஆம் ஆண்டு ஜனவரியில், உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகெலும்பு நொறுங்கி இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் போயிற்று. கைகள் மட்டும் மிச்சம். டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை அது. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்து அதைக் கற்றுக்கொண்டு செய்தார்.

கதை இங்கே முடிந்திருந்தாலும் நாம் கை தட்டியிருப்போம். அவர் முடிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்கு நம் நாட்டில் வழிகாட்ட ஆளில்லை என்று கண்டார். மருத்துவப் பட்டம் கையில் இருந்தது. முதுகெலும்பின் காயம் உடம்பிலேயே இருந்தது. படிப்பறிவு, பட்டறிவு இரண்டுமே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை போய் ஆறுதல் சொல்ல இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? இருந்தும் அவர் முதலில் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், சக்கர நாற்காலியில் பிறர் உதவியில்லாமல் வாழப் பழகினார். பிறகு நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவத்தை மாணவியாக உட்கார்ந்து படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-இல் மறைந்தார்.

தம் உடம்பிலேயே இருந்த ஒரு நோயைப் படிக்கக் கடல் கடந்து போனவர் அவர். தம் காயம் தமக்கு எதைக் கற்றுத் தந்தது, எதைக் கற்றுத் தரவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. பட்டவர்கள் எல்லோருக்கும் அந்தத் தெளிவு வாய்த்துவிடுவதில்லை.

"படிக்காமலே பெரிய காரியம் செய்தவர்கள் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல், பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை தந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தார்கள். எந்தக் கவுன்சலிங் பட்டமும் இதற்கு அவருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அந்தச் சங்கத்துக்குள் போய்ப் பாருங்கள்: உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும், சிறப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்கவும் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வேலை செய்கிறார்கள். அவருடைய காயம் அந்த ஸ்தாபனத்தைத் தொடங்கி வைத்த உந்துதல். சிகிச்சையை அவர் காயத்திடம் ஒப்படைக்கவில்லை, கற்றவர்களிடம் ஒப்படைத்தார். ஒருவர் தாமே எதிரில் உட்கார்ந்து கேட்கப் போகிறார் என்றால், தாமே கற்கத்தான் வேண்டும்.

அப்படி என்னதான் கற்றுத் தருகிறார்கள்? எப்போது பேசாமல் இருப்பது என்று கற்றுத் தருகிறார்கள். கேட்ட ரகசியத்தை எப்படிக் காப்பது, எதிரே இருப்பவன் சாவைப் பற்றி நினைக்கிறான் என்பதற்கு என்ன அடையாளம், எந்தக் கட்டத்தில் தன்னால் ஆகாது என்று உணர்ந்து மனநோய் மருத்துவரிடம் அழைத்துப் போவது என்று கற்றுத் தருகிறார்கள். மாணவன் ஒருவரோடு பேசிவிட்டு வந்ததும், மூத்தவர் ஒருவர் கூட உட்கார்ந்து, "அவர் அழத் தொடங்கியதும் நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று கேட்கிறார். அவர் அழுதது பொறுக்காமலா, தன் பழைய அழுகை திரும்பி வந்துவிடும் என்று பயந்தா? இந்தக் கேள்வியை ஞாயிற்றுக்கிழமை ஆறுதல்காரரிடம் கேட்க யாருமில்லை. பட்டவருடைய காயம் ஆறிவிட்டதாகத் தோன்றினாலும், வாரத்துக்கு இருபது பேர் அதன் மேல் கை வைத்தால் திரும்பவும் ரணமாகும். அவரைக் காப்பதற்கும் இந்தப் படிப்பு வேண்டும்.

இனி நண்பருடைய கேள்விக்கு வருகிறேன். விரல்களை விற்றுப் பிழைப்பதா?

கடிதத்தில் இந்த வரியைப் படித்தபோது அவர் மேல் எனக்கு மதிப்பு உயர்ந்தது. துன்பத்தைக் காட்டிப் பிழைப்பது ஒரு தொழிலாகவே நடக்கிற உலகம் இது. காயத்தைக் காட்டினால் மேடை கிடைக்கிறது, மாலை கிடைக்கிறது. அந்த வழியில் போக அவர் கூசுகிறார். கூச வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவருடைய கேள்விக்கும் மாமாவின் கேள்விக்கும் விடை ஒன்றே. படிக்காமல், காயம் ஒன்றையே தகுதியாக வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கினால், அவர் விற்பது விரல்களைத்தான். ஐந்து ஆண்டு உட்கார்ந்து கற்று, அந்தத் திறமைக்குச் சம்பளம் வாங்கினால், அவர் விற்பது உழைப்பை. பிரஸ் ஓட்டியபோது வாங்கிய கூலிக்கு இருந்த கௌரவம் இதற்கும் உண்டு. ஒருவகையில் படிப்புத்தான் அவருடைய விரல்களைச் சந்தையிலிருந்து மீட்டு அவரிடமே திருப்பித் தருகிறது.

மளிகைக் கடையை நான் இகழவில்லை. குழந்தைக்குப் பால் வாங்க வேண்டிய வீட்டில் ஐந்து ஆண்டு என்பது விளையாட்டல்ல. மாமாவின் பயத்துக்குப் பின்னால் இருப்பது அன்புதான். ஆனால் கணக்குப் பார்க்கும்போது எல்லா வரவையும் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கு அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 100 இடங்களில் 5-க்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும்; வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்த்த வேண்டும். மனநலத்துக்கென்று நாட்டின் பெரிய ஸ்தாபனங்களில் ஒன்றான நிமான்ஸ் பெங்களூரில் இருக்கிறது. அது இருக்கிற சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடு. இவையெல்லாம் இவர் போன்றவர்களுக்காகத் திறந்து வைத்த கதவுகள். தள்ளிப் பார்க்காமலே பூட்டியிருக்கிறது என்று திரும்பி வருவது நியாயமில்லை.

தமிழில் கவுன்சலிங்குக்கு ஆற்றுப்படுத்துதல் என்று ஒரு சொல்லை வழங்குகிறார்கள். வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, எனக்கு அது பத்துப்பாட்டை நினைவூட்டுகிறது. அந்தப் பத்துப் பாட்டுகளில் ஐந்து ஆற்றுப்படைகள். பாணனோ பொருநனோ கூத்தனோ, வறுமையில் உழன்ற ஒரு கலைஞன் வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிறான். எதிரே அதே வறுமையோடு இன்னொருவன் வருகிறான். அவனை இவன் வழிப்படுத்தி அனுப்புகிறான். வழி சொல்லுகிறவன் பட்டவன். அதனால்தான் அவன் சொல் எடுபடுகிறது. தன் பழைய கந்தலையும் பசியையும் அவன் மறைப்பதில்லை. ஆனால் அதோடு நின்றுவிடுவதும் இல்லை. மலைபடுகடாத்தைப் பாருங்கள்: எங்கே குழி இருக்கிறது, எங்கே பாறை வழுக்கும், எங்கே பாம்பு உண்டு, எந்த ஊரில் யார் சோறு போடுவார்கள் என்று அடுத்தவன் நடக்கப் போகிற வழியைத்தான் பெரும்பகுதியும் சொல்லுகிறான். தான் பட்ட பசி ஒரு பங்கு. கற்றுவைத்திருக்கிற வழி பல பங்கு.

ஆகவே நண்பருக்கு என் பதில், படியுங்கள் என்பதே. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முப்பது வயதில் பெஞ்சில் உட்காருவதும், இடது கையால் மெதுவாகக் குறிப்பு எழுதுவதும் சிரமமாகத்தான் இருக்கும். மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது எப்படியிருக்கும் என்பது அப்போது இன்னொரு தடவை தெரியும். நாளைக்கு உங்களிடம் வருகிறவர் எல்லோரும் அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் உங்களைப் பார்க்கப் போகிறார்கள். உங்கள் கையைப் பார்த்ததும் அவர்கள் நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கைக்குத் தகுதியாவதற்கு ஐந்து ஆண்டுகள் அதிகமில்லை.